படம் எடுத்தவன் கடன்காரன்

"மல்லாங்கிணத்துல படம் எடுக்க என்னடா இருக்கு? கொடைக்கானல் போலாம் வா". இது என் கிளாஸ்மேட் ஒருத்தனோட தத்துவம். இவனாவது பரவாயில்ல. இன்னொரு கோஷ்டி இருக்கு. மதுரையிலருந்து பைக்ல வருவாங்க. வேலிக்கருவ மரம், வெடிச்ச கண்மாய், சுருக்கம் விழுந்த பாட்டி முகம்னு படபடன்னு எடுப்பாங்க. "எளிமையின் அழகு"ன்னு தலைப்பு வச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. கேட்டா, அன்றாடக் கணங்கள்தான் இன்ஸ்பிரேஷனாம்!

யாரோட அன்றாடம்ங்க அது?

ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி என் கதையையும் சொல்லிடுறேன். போன வருஷம் கரிமூட்டத்துல வேலை பாத்த ஒரு பெரியம்மாவை செல்போன்ல எடுத்தேன். புகை, சாயங்கால வெயில், முகமெல்லாம் கரி. படம் அள்ளிருச்சு. நூத்துக்கணக்குல லைக். ரெண்டு மாசம் கழிச்சு பஸ் ஸ்டாப்புல பாத்தவங்க கேட்டாங்க: "ஏய்யா, எடுத்துட்டுப் போனியே, எனக்கு ஒண்ணு குடுத்தியா?" பதில் இல்ல. அவங்க பேருகூட எனக்குத் தெரியாது. புகையில நின்னா கண்ணு என்ன ஆகும், ஒரு மூட்டைக்கு என்ன கூலி, எதையும் நான் கேக்கல. வெளிச்சம் நல்லா இருக்கான்னு மட்டும் பாத்தேன்.

எம். பழனிக்குமார்னு மதுரைக்காரர் ஒருத்தர் இருக்கார். பி. சாய்நாத் 2014-ல தொடங்கின பாரி இணையதளத்துல அவர் படங்களைப் பாருங்க. மலக்குழி மரணங்களைப் பத்தி 2017-ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். 2022-ல தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதல்முறையா கொடுத்தப்ப, அது அவருக்குத்தான் போச்சு. அவர் அம்மா மீன் வித்தவங்க. அந்த அம்மாவோட வேலையையும் வாழ்க்கையையும் அவர் படமா எடுத்திருக்கார். அதுவும் அன்றாடம்தான். ஆனா அங்க அழகு மட்டும் தெரியல, பாரமும் தெரியுது. தூரத்துல நின்னு எடுக்கிறவனுக்கு அந்தப் பாரம் சிக்காது.

"ஒரு போட்டோவுக்கு இவ்ளோ சீனா? அழகை ரசிக்கிறது தப்பா?"ன்னு கேப்பீங்க. ரசிங்க, தப்பே இல்ல. ஆனா கேட்டுட்டு எடுங்க. பேரைத் தெரிஞ்சுக்கோங்க. வேலையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க. ஒரு பிரிண்ட் போட்டுக் கையில குடுங்க. டீ, வடைக்கு ஆகிற செலவு கூட வராது.

பி.காம்ல முதல் வருஷமே படிச்சோமே மக்களே: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. படத்துல தந்தது யாரு, வாங்கினது யாரு?

அருப்புக்கோட்டையில பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன். நாளைக்குக் குடுக்கப் போறேன். முதல்ல பேரைக் கேக்கணும்.