பெயர்ச்சொல் நம்மிடம், வாக்கியம் யாரிடம்?

கடமலைக்குண்டில் ஆங்கிலம் தெரியாதவர் என்று யாரும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காக்களுக்கு ஜாப் கார்டு, மஸ்டர் ரோல், பாஸ்புக், ஆதார் லிங்க் எல்லாம் அத்துப்படி. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும் குமுளிக்கு அப்பால் ஏலத் தோட்டங்களிலும் உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் செக்ரோல், அட்வான்ஸ், சூப்பர்வைசர் என்று பேசுவார்கள். ஒருமுறை காவல் நிலையப் படி ஏறிய குடும்பத்தில் கடைக்குட்டிக்குக்கூட எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், பெயில், சார்ஜ் ஷீட் என்றால் என்னவென்று தெரியும். வீட்டில் புழங்குகிற ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னால் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் கரும்பலகையை இரண்டு முறை நிரப்பிவிடுவார்கள்.

நிரப்பிய சொற்களைப் பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அத்தனையும் பெயர்ச்சொற்கள். அப்ளை, ரிஜெக்ட், கேன்சல் போன்ற வினைகளும் இருக்கும். ஆனால் பின்னாலிருந்து நம்முடைய ‘பண்ணு’தான் அவற்றுக்காக வேலை செய்கிறது. அப்ளை பண்ணினோம், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இது தமிழ் இயங்குகிற முறை, குறையொன்றுமில்லை. என் கவலை வேறு. நூறாண்டுக்கும் மேலாக ஆங்கிலத்தின் பெயர்ச்சொற்கள் நிர்வாகத்தின் வழியாக நம் தெருவுக்கு இறங்கி வந்திருக்கின்றன. அவற்றைக் கோத்து ஒரு வாக்கியமாக்கும் இலக்கணம் மட்டும் மேலேயே நின்றுவிட்டது. நம்மைப் பற்றிய வாக்கியத்தை வேறு யாரோ எழுதுகிறார்கள். அதில் வரும் நாலு சொல்லை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம்.

நான் கல்வி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வார இறுதிகளில் ஊருக்கு வந்து, எங்கள் காலனிப் படிப்பகத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அடிப்படை ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். ‘இஸ்’ எங்கே, ‘ஆர்’ எங்கே, ‘டூ’ எங்கே, ‘டிட்’ எங்கே என்கிற அளவுதான். தோழர்களிடம் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். புரட்சி பேச வேண்டிய இடத்தில் என்னப்பா கிராமர் கிளாஸ் என்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பத்தி.

ஆங்கிலத்தைக் கொண்டாடுவதில் சாதி எதிர்ப்பு இயக்கம் யாருக்கும் பின்தங்கியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பாங்கா என்ற கிராமத்தில் 2010இல் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டும் முயற்சி தொடங்கியது. அதை முன்னெடுத்த சந்திரபான் பிரசாத், மெக்காலேயின் பிறந்தநாளையும் கொண்டாடியவர். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, அவர் பாரசீகம் எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு மொழியின் இலக்கணத்தையே தீட்டுப்படும் பொருளாக்கி வைத்திருந்த சமூகத்தில் ஆங்கிலம் திறந்த கதவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் 1835ஆம் ஆண்டின் மெக்காலே குறிப்பை வாசித்தால், மக்கள் அனைவருக்கும் கல்வி தருவது இயலாது, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நிற்கும் ஒரு வகுப்பை உருவாக்கினால் போதும் என்றுதான் அவர் திட்டமிட்டிருக்கிறார். அந்த இடைநிலை வகுப்பு எந்தச் சாதிகளிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உழைப்பவர்களின் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது, தொடக்கக் கல்வியைக் கவனியுங்கள் என்று ஜோதிராவ் பூலே 1882இல் ஹண்டர் ஆணையத்திடம் கொடுத்த அறிக்கை இந்த ஏற்பாட்டுக்கான பதில். நம் இயக்கத்தில் தேவிக்குக் கிடைத்த கவனம் பூலேயின் அந்தக் கோரிக்கைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இடைநிலை வகுப்பு இன்றும் ஓய்வு பெற்றுவிடவில்லை. நம் பகுதியில் ஒரு வன்கொடுமை வழக்கு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். புகார் தமிழில், முதல் தகவல் அறிக்கை தமிழில். வழக்கு மதுரைக் கிளைக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலமாகிவிடும். உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு. தமிழையும் வழக்கு மொழியாக்கக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் நடக்கவில்லை. 2004இல் மதுரைக்குக் கிளை வந்தபோது தூரம் குறைந்தது, மொழி குறையவில்லை. எதிரிக்கு எந்த நிபந்தனையில் பிணை கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள, வெட்டுப்பட்டவரின் குடும்பம் இன்னொருவர் முகத்தைப் பார்த்து நிற்கிறது. நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அது வரும்வரை அந்த உத்தரவை வாசிக்க நம் வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

சரி, எப்படிக் கற்றுக்கொடுப்பது? இங்கேதான் பிள்ளைகளை நாம் வீணாக மிரட்டுகிறோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்க வேண்டும், வகுப்பில் தமிழ் கேட்கவே கூடாது என்பது வீட்டிலும் ஆங்கிலம் கேட்கிற பிள்ளைக்கான முறை. எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிற ஒரே முதலீடு தமிழ் இலக்கணம். அதை ஏட்டில் படிக்கவில்லை, பேசியே வைத்திருக்கிறார்கள்.

‘ஹீ கோ’ என்று எழுதினால் உடனே சிவப்பு மை விழுகிறது. ஏன் ‘கோஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. போறேன், போற, போறான், போறா, போகுது, போறாங்க என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் சொல்லும். ஆளுக்கேற்றபடி வினையின் வால் மாறுவது அவளுக்குப் புதிதில்லை. தமிழில் ஆளாளுக்கு ஒரு வால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் வாலே கிடையாது, ‘ஹீ, ஷீ, இட்’டுக்கு மட்டும் நிகழ்காலத்தில் ஓர் ‘எஸ்’ மிச்சம் இருக்கிறது என்று சொன்னால், “இவ்வளவுதானாண்ணே?” என்கிறாள். நம் மொழி செய்கிற வேலையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத விஷயத்தை வைத்துத்தான் அவளை மக்கு என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள்.

அடுத்தது ‘டிட் நாட் கேம்’. கல்லூரி வரைக்கும் துரத்துகிற பிழை இது. நான் பட்ட மேற்படிப்பு படித்த இடத்தில், இந்த ஒரு பிழைக்காக ஒரு தோழியின் தாளை வகுப்பில் வாசித்துக் காட்டிச் சிரித்த பேராசிரியர் இருந்தார். அந்தப் பருவம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. விளக்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. தமிழில் ‘வந்தேன்’ என்கிறோம். மறுக்கும்போது ‘வந்தேன் இல்லை’ என்பதில்லை, ‘வரவில்லை’ என்கிறோம். காலம் காட்டும் ‘வந்த்’ போய்விடுகிறது, வெறும் ‘வர’ நிற்கிறது. ஆங்கிலத்திலும் காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்ட பிறகு ‘கேம்’ எதற்கு? வெறும் ‘கம்’ போதும். இரண்டு மொழிகளும் இந்த இடத்தில் ஒரே மாதிரி யோசிப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு குஷி.

எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும் என்று தமிழ் ‘எனக்கு’ போடுகிற இடத்தில் எல்லாம் ஆங்கிலம் ‘ஐ’யைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். அதை வைத்துத் தமிழன் அடக்கமானவன், ஆங்கிலேயன் தன்முனைப்பானவன் என்று தத்துவம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அட்டவணை போட்டுப் பயிற்சி கொடுங்கள், போதும்.

எங்கள் வகுப்பு அதிக நேரம் தங்கிய இடம் ‘யூ’. நீ, நீங்க இரண்டுக்கும் அது ஒன்றுதான் என்று எழுதிப் போட்டதும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “அப்ப தோட்டத்து மொதலாளியவும் யூ தானாண்ணே?” ஆமாம் என்றேன். வகுப்பே சிரித்தது. அவர்கள் ஊர்த் தெருவில் எந்த வயதுக்காரரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஐந்து வயதிலேயே கற்றவர்கள். அதே தெருவிலிருந்து வரும் பொடியன் தங்கள் தாத்தாவை ‘வாடா’ என்பதையும் கேட்டு வளர்ந்தவர்கள். இலக்கணத்தில் மரியாதை ஒருமை என்று ஓரிரு வரியில் முடிந்துபோவது எங்கள் பிள்ளைகளுக்கு நடைமுறைச் சட்டம். அதற்காக ஆங்கிலம் சமத்துவ மொழி என்று நான் எழுதப் போவதில்லை. அந்த ‘யூ’வுக்குப் பின்னால் நாம் மூச்சுக்கு மூச்சு ‘சார்’ போட்டுப் பழைய கணக்கை நேர் செய்துவிடுகிறோம். அடுத்த வாரமே பயிற்சி நோட்டுகளில் எல்லா வாக்கியத்திலும் ‘சார்’ இருந்தது. அடிக்காமல் விட்டேன்.

செயப்பாட்டு வினையை வழக்கமாகக் கடைசியில் வைப்பார்கள். நான் முன்னால் கொண்டுவந்துவிட்டேன், ஏனென்றால் நம் பெயரே அதில்தான் இருக்கிறது. தாழ்ந்தவர் என்றால் தானாகத் தாழ்ந்தவர். தாழ்த்தப்பட்டவர் என்றால் தாழ்த்திய ஆள் ஒருவன் இருக்கிறான். இந்த ‘ப்பட்ட’தான் ஆங்கிலத்தில் பல வினைகளின் முடிவில் வரும் ‘ஈ.டி.’. ‘டிப்ரெஸ்டு கிளாஸஸ்’ என்றாலும் அதேதான். எம்.சி. ராஜா 1925இல் தன் நூலுக்கு வைத்த பெயரில் ‘அப்ரெஸ்டு’ இருக்கிறது. அம்பேத்கர் 1924இல் தொடங்கிய சபையின் பெயரில் ‘பகிஷ்கிருத’ இருக்கிறது. விலக்கிவைக்கப்பட்ட என்று பொருள். ‘தலித்’ என்ற சொல்லும் நொறுக்கப்பட்ட என்கிற அதே வடிவம்தான். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ‘ஷெட்யூல்டு’ கொஞ்சம் தந்திரமானது. அதிலும் ‘ஈ.டி.’ உண்டு, ஆனால் ‘யாரால்?’ என்று கேட்டால் பட்டியல் போட்ட அரசுதான் பதிலாக வரும். ஒடுக்கியவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிட்டான்.

இப்படி நழுவுவதைக் கண்டுபிடிக்கிற பயிற்சி ஒன்று வைத்திருக்கிறோம். செய்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, ‘பை ஹூம்?’ என்று கேட்க வேண்டும். யாரால்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. யாரால்? இரண்டு ஆண்டுகள் அந்த இடம் காலியாக இருந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதை நிரப்பியபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிலேயே மூன்று பேரின் பெயர்கள் வந்தன. அந்த மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. செய்வினை, செயப்பாட்டு வினை மாற்றிப் போடும் பயிற்சியைப் பாடநூலில் வரும் தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாக்கியத்தை வைத்தும் செய்யலாம். எங்கள் பிள்ளைகள் இதை வைத்துச் செய்தபோது ஒருத்தரும் மறக்கவில்லை.

இளைய தோழர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: போனில் மொழிபெயர்ப்பு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஒரு மாணவி தன் தலைமையாசிரியையைப் பற்றித் தமிழில் ‘அவர்’ என்று எழுதிப் போனில் கொடுத்தாள். ‘ஹீ’ என்று வந்தது. நம் ‘அவர்’ பால் காட்டுவதில்லை. இயந்திரம் அதிகாரி என்றாலே ஆணாக்கிக்கொள்கிறது. ‘ஹீ’, ‘ஷீ’ வேறுபாடு தெரிந்ததால் அவள் திருத்தினாள். தெரியாதவர் அனுப்பிவிடுவார்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியதும் இதற்கு விடையில்லை. பயிற்று மொழியை மாற்றினால் மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கையில், அறிவியலையும் இழந்து ஆங்கிலத்தையும் பெறாமல் எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்கிற பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனும் அவர்களுக்கு இல்லை என்பதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. தமிழ் வழியில் பாடம், தமிழைக் கொண்டு விளக்கப்பட்ட உறுதியான ஆங்கில இலக்கணம்: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளிலும் அரசு இதைத்தான் செய்திருக்க வேண்டும். அந்த வரிசைக் கடைசியில் வருஷநாட்டு மலையிலிருந்து இறங்கி வரும் பளியர் பிள்ளையும் நிற்கிறாள்.

அரசு செய்யட்டும். படிப்பகங்கள் நம் கையில் இருக்கின்றன. ஏப்ரல் 14க்கு பிளக்ஸ் வைக்கிற பணத்தில் பாதிக்கு ஒரு நல்ல கரும்பலகையும் ஆண்டு முழுக்கச் சுண்ணக்கட்டியும் வாங்கலாம். பட்டம் படித்தவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஒரு ஊர் ஓடும். மேடையில் பேச ஆள் கிடைக்கிற அளவுக்கு இதற்கு ஆள் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

எங்கள் வகுப்பு இப்போது கேள்வி வாக்கியத்தில் நிற்கிறது. வழக்கமான புத்தகங்கள் பதில் சொல்லத்தான் முதலில் பழக்கும்: என் பெயர் இது, என் ஊர் இது. நாங்கள் ‘வை’, ‘வென்’, ‘ஹூ’ என்று தொடங்கியிருக்கிறோம். வை டிட் யூ நாட் மார்க் மை நேம்? வென் வில் த பஸ் கம்? ஹூ சைன்டு திஸ்? இதுவரை அறுபது வாக்கியங்கள் சேர்ந்திருக்கின்றன, எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் யாரோ யாரையோ தமிழில் கேட்டு, பதில் கிடைக்காத கேள்விகள். நூறு ஆனதும் சிறு கையேடாக அச்சிட எண்ணம். உங்கள் ஊரில் அப்படியொன்று இருந்தால் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். மாற்றும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.