குழாய் யார் செலவு? கோபுரம் யார் வரவு?

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகுட்டிகளோடு காலந்தள்ளும் தமிழ்ப் பாட்டாளித் தோழர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது நம் வீட்டு மோரியில் தொடங்கி தேவ்னார் குப்பை மேட்டில் போய் நிற்கிற கணக்கு.

1995-இல் உலக வங்கிக் கடனோடு மும்பைக் கழிவுநீர்த் திட்டம் வந்தது. அதன் ஓரத்தில் ஓர் ஒட்டுப்போல, குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறை கட்டும் திட்டமும் சேர்க்கப்பட்டது. கட்டித் தருவது மாநகராட்சிதான். ஆனால் மக்களின் 'பங்கேற்பு' வேண்டுமாம்! வயது வந்த ஆளுக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு விளக்கு, தண்ணீர், துப்புரவு, ரிப்பேர் எல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் தலையில். இலவசமாகக் கொடுத்தால் ஏழைக்கு அருமை தெரியாது என்பதே அன்று சொல்லப்பட்ட தத்துவம். தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் கிடந்த நம்மவர்களுக்கு 500 ரூபாய் எத்தனை நாள் கூலி என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் சந்தில் என் மாமியார் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினார். ரசீது உடனே வந்தது. கக்கூஸ் வர நாலு வருடமானது. அதுவரை விடியுமுன் டப்பாவோடு வரிசைதான்.

போகட்டும். அந்தத் தத்துவத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அனுபவிக்கிறவன் முதலில் பணம் கட்ட வேண்டும்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கு 5,069 கோடி ரூபாய் முதலீடு காட்டி அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. அமைத்த கம்பெனியில் 80 பங்கு அவர்களுக்கு, 20 பங்கு மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவர்களும், மாடியில் குடியிருப்பவர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். ஏணி வைத்து மாடி ஏறிக் குடியிருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாதா? ஊரிலிருந்து பிறகு வந்து சேர்ந்த தம்பிமாரும் மச்சான்மாரும்தானே!

அப்படி வெளியேற்றப்படுவோரைக் குடியேற்றக் கண்டுபிடித்த இடங்களில் ஒன்று தேவ்னார். 1927 முதல் இந்த மாநகரம் குப்பை கொட்டும் மேடு. 2016 ஜனவரியில் தீப்பற்றி நகரமே புகைமூட்டத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிவாஜி நகர், கோவண்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள். எவருக்கும் அவசரம் பிறக்கவில்லை. 2024-இல் அதில் 124 ஏக்கர் தாராவித் திட்டத்துக்கு என்று மாநில அரசு முடிவெடுத்தது. 2025 மே மாதத்தில் 185 லட்சம் டன் குப்பையை மூன்றே ஆண்டில் அள்ள 2,368 கோடி ரூபாய்க்கு மாநகராட்சி டெண்டர் விட்டது. பணம் மாநகராட்சியின் பணம், அதாவது ஊர்ப்பணம்.

பழைய குப்பையை அகற்றுவது சட்டப்படி எங்கள் கடமை என்று அதிகாரிகள் சொல்லலாம். மெய்தான், கடமைதான். அந்தக் கடமைக்கு நிலம் கைமாறிய மறு வருடமே அவசரம் பிறப்பானேன்? 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. டெண்டர் விட்ட நாளில் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட அங்கே இல்லை.

இனிச் சாக்கடைக்கு வருவோம். 2023 ஜனவரி 19 அன்று பிரதமர் ஏழு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார். செலவு சுமார் 17,200 கோடி. நாளொன்றுக்குச் சுமார் 246 கோடி லிட்டர் சுத்திகரிக்கலாம். ஏழில் ஒன்று தாராவியிலேயே வருகிறது. இதை வேண்டாமென்று சொல்ல நமக்குப் பைத்தியமா? மித்தி நதியும் மாஹிம் கழிமுகமும் நாறிக் கிடப்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஊருக்குச் சாக்கடை ஊர்ப்பணத்தில்தான் வர வேண்டும். நாம் கேட்பது வேறு. கழிவுநீர்க் குழாய் இல்லாத மனையில் எந்தப் பணக்காரனும் ஃபிளாட் வாங்க மாட்டான். குழாய் வந்ததும் மனையின் விலை ஏறுகிறது. பாந்திரா குர்லா வணிக வளாகத்துக்கு எதிரே எழும்பப்போகும் விற்பனைக் கோபுரங்களில் அந்த ஏற்றம் யார் பைக்குப் போகும்? குழாய்க்குப் பணம் கொடுத்த ஊருக்கா, ஃபிளாட் விற்பவனுக்கா?

'பில்டர் வளர்ச்சிக் கட்டணம் கட்டுவாரே' என்று பதில் வரும். கட்டட்டும். எவ்வளவு கட்டினார், எவ்வளவு சலுகை பெற்றார், கட்டிய பணம் எந்தக் குழாய்க்குப் போனது என்று வார்டு அலுவலகச் சுவரில் மராட்டியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டட்டும்.

அதே மாநகராட்சி 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் குடிசைப் பகுதிக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சொத்து வரி போட்டு 350 கோடி திரட்டப் போவதாக அறிவித்தது. இட்லிக் கடையிடம் 350 கோடி. குப்பை மேட்டைத் துடைத்துக் கொடுக்க 2,368 கோடி. அன்று மாமியாரின் தோட்டைக் கேட்ட தத்துவம் இப்போது எங்கே ஒளிந்துகொண்டது?

குழாய் அடைத்தால் இறங்கப்போவது யார் என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். சாக்கடையில் மனிதனை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய கோபுரங்களின் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கைக்குத்தான் போகும். அவர் ஆள் தேடி வரும் தெரு எது என்பதைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து துடைப்பம் பிடித்த குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, கணக்கெடுக்க ஆள் வரும்போது வெறும் கைரேகை போட்டு அனுப்பாதீர்கள். மாடியில் இருப்பவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால் மறுத்ததை எழுதிக் கேளுங்கள். தேவ்னாருக்குப் போ என்றால், அந்த மண்ணில் மீத்தேன் வாயு எவ்வளவு இருக்கிறது என்ற சோதனைத் தாளை முதலில் காட்டு என்று கேளுங்கள். 500 ரூபாய் கட்டிய பழைய கழிப்பறை ரசீது எவரிடமாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். நம் மாமியார்கள் முதலீடு போட்டவர்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.