தொண்டன் இல்லை, தொழிலாளி

"குப்பை அள்ளுற வேலையை நிரந்தரமாக்குன்னு கேக்குறது, காலம்பூரா நம்ம ஜனங்க குப்பையிலேயே கெடக்கட்டும்னு சொல்றது ஆகாதா?" 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்து போராடியபோது இந்தக் கேள்வி நம் பக்கத்திலிருந்தே வந்தது. ஆதிக்கசாதிக்காரன் கேட்டிருந்தால் தள்ளிவிட்டுப் போகலாம். கேட்டவர்கள் நம் தோழர்கள். எனவே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை மும்பைத் தொழிலாளர்கள் ஏற்கனவே நடத்திக் காட்டியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

மும்பையில் 1997-லிருந்து 'கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்' என்றொரு சங்கம் இயங்குகிறது. குப்பை அள்ளிச் செல்லும் தொழிலாளர் சங்கம் என்று பொருள். ஒப்பந்தக் கூலிகளுக்காக எழுந்த சங்கம் இது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் நிலம் இல்லை, மழையும் இல்லை என்று பிழைக்க வந்தவர்கள்.

மாநகராட்சி இவர்களை எப்படி வைத்திருந்தது என்று பாருங்கள். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தியது. சரி, 20-க்குக் கீழே ஆள் வை. 240 நாள் தொடர்ந்து வேலை செய்தால் தொழிலாளிக்கு உரிமை வந்துவிடும். சரி, அதற்கு முன்னாலேயே ஒப்பந்தத்தை முடித்து மறுபடி புதுசாகப் போடு. இதுவும் போதாதென்று ஒப்பந்தக்காரனுக்குத் தன்னார்வ அமைப்பு என்று பேர் வைத்தார்கள். குப்பை அள்ளுகிறவன் தொண்டன்! அவன் வாங்குவது சம்பளம் இல்லையாம், மதிப்பூதியமாம்! இதற்கு 'ஹைதராபாத் முறை' என்று ஒரு பட்டம் வேறு.

அழுகிய குப்பையை வெறுங்கையால் அள்ளுவதற்கு எவனாவது தொண்டு மனப்பான்மையோடு வருவானா? வருவான் என்றால் ஏன் அக்ரகாரத்திலிருந்து ஒருத்தன்கூட வரவில்லை? சாதி பிடரியைப் பிடித்துத் தள்ளிய வேலைக்குத் தொண்டு என்று பேர் சூட்டுவது பார்ப்பனீயத்தின் பழைய வித்தை. அன்று இதையே தர்மம் என்றான். இன்று சேவை என்கிறான்.

சங்கம் இந்தச் சொல்லைத்தான் பிடித்தது. வேலை மாநகராட்சியுடையது, வண்டி போகும் பாதையை அது சொல்கிறது, மேற்பார்வை அதனுடையது. அப்படியென்றால் நாங்கள் யாருடைய தொழிலாளி? 2014-ல் தொழில் தீர்ப்பாயம் 2,700 பேரையும் நிரந்தரமாக்கச் சொன்னது. மாநகராட்சி மேல்முறையீடு போனது. 2016 டிசம்பரில் உயர்நீதிமன்றமும், 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் தொழிலாளர் பக்கமே நின்றன. 2023-ல் இன்னொரு 580 பேரை நிரந்தரமாக்கச் சொன்ன தீர்ப்பாய உத்தரவையும் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது.

தீர்ப்பு வந்தது, வேலை உத்தரவு வந்ததா? இங்கேதான் சங்கம் என்றால் என்னவென்று நமக்கு விளங்குகிறது. பட்டியலில் இருக்கிற பேரும் அடையாள அட்டையில் இருக்கிற பேரும் ஒத்துப்போகவில்லை, ஓர் எழுத்து கூட, ஓர் எழுத்து குறைய என்று சொல்லி மாநகராட்சி பலரை நிறுத்தி வைத்தது. பேரைத் தப்பாக எழுதியது யார்? பள்ளிக்கூடம் போகாத அந்த ஆளா? எழுதின பிழை அவனுடையது, தண்டனை நம்மாளுக்கு. உச்சநீதிமன்றத்தில் ஜெயித்தவர்களை ஓர் எழுத்து தோற்கடிக்கப் பார்த்தது. ஒவ்வொரு பேருக்கும் தாள் சேர்த்து, நான்தான் நான் என்று நிரூபிக்கும் வேலையில் சங்கம் வருஷக்கணக்காக அலைந்தது. உத்தரவு கைக்கு வருமுன் செத்துப்போனவர்கள் உண்டு. கொடியும் கோஷமும் மட்டுமே சங்கம் என்று நினைக்கும் மாணவத் தோழர்கள் இந்த அலைச்சலையும் போராட்டம் என்றே கணக்கில் வைக்க வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நிரந்தரம் நம்மைத் துடைப்பத்தோடு கட்டிப்போடுமா? ஒப்பந்தக் கூலியாக இருந்தவன் பிள்ளை எந்தப் பெரிய வேலைக்குப் போய்விட்டான்? நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் பிள்ளையை எந்த நம்பிக்கையில் கல்லூரிக்கு அனுப்புவான்? மாதம் பிறந்தால் சம்பளம், நோவு வந்தால் விடுப்பு, செத்தால் குடும்பத்துக்கு ஏதாவது. இதெல்லாம் இருந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு வெளியேறப் படி கிடைக்கும். ஒப்பந்த முறையில் துடைப்பமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது.

தோழர்களின் சந்தேகத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. மகாராஷ்டிரத்தில் லாட்-பாகே குழுவின் பரிந்துரைப்படி துப்புரவுத் தொழிலாளியின் வாரிசுக்கு வேலை தருகிறார்கள். வேலை கிடைக்கிறது, படித்த பிள்ளை கைக்கும் துடைப்பமே வருகிறது என்றால் அது சாதியின் பட்டா. அங்கே நாம் சண்டை போட வேண்டும். வாரிசு வேலை என்றால் படிப்புக்கேற்ற வேறு வேலை என்று கேட்க வேண்டும். செய்கிறவனுக்கு நிரந்தரம், அவன் பிள்ளைக்கு விடுதலை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதில் என்ன தடை?

அண்ணல் அம்பேத்கர் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. 1935-ல் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர் அவர். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் முன்னால் பார்ப்பனீயம், முதலாளித்துவம் இரண்டுமே நம் எதிரிகள் என்றார். அதே ஆண்டு நவம்பர் 7-ல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த மசோதாவுக்கு எதிராகப் பம்பாயில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். பஞ்சாலை நெசவுப் பிரிவில் தலித்துகளை விடாததைக் கேட்காத இடதுசாரிகளைத் திட்டிக்கொண்டேதான் அவர்களோடு சேர்ந்து நின்றார்.

சென்னைக்கும் மும்பைக்கும் தூரம் அதிகமில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்தவர்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பேரில், சுயஉதவிக் குழு என்ற போர்வையில் வேலை வாங்கப்பட்டவர்கள். அங்கே தொண்டன், இங்கே சுயஉதவி. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களை இழுத்துப்போட்டுக் கைது செய்தார்கள். மறுநாள் அமைச்சரவை காலை உணவு தருவதாக அறிவித்தது. இட்லியை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவங்க கேட்டது வேலை உத்தரவு.

இன்னொன்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பில், ஒப்பந்தக்காரருக்கான அந்த 20 என்ற எண்ணிக்கை 50 ஆகிவிட்டது. மும்பையில் திருட்டுத்தனமாக ஆளைப் பிரித்துச் செய்ததை இனி 49 பேர் வரைக்கும் சட்டப்படியே செய்யலாம். ஆகவே பழைய வழக்குகளின் வெற்றியை நம்பித் தூங்க முடியாது.

படித்த தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் நகராட்சியில் விடியற்காலையில் வருகைப்பதிவு போடும் இடத்துக்குப் போங்கள். அவங்க பேரு பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கு, வைப்புநிதி பிடிக்கிறானா, பிடித்ததைக் கட்டுறானா, அடையாள அட்டையில் யார் முத்திரை இருக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அந்தத் தாள் பேசும்.