வசனம் எழுதியவர் யார்?

ராயப்பன்பட்டிக்கு மந்திரி வருகிறார் என்றால், முதல் நாளே தெருவில் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும். அன்று எடுத்த படத்தைக் காட்டி, "பாருங்கள், திராட்சைக்காரர்கள் சுகமாக இருக்கிறார்கள்" என்றால் நாம் சிரிக்கமாட்டோமா? ஆனால் வடகொரியாவின் அன்றாட வாழ்க்கை என்று ஒரு படம் ஓடினால் மட்டும், "கண்ணால் கண்டதாயிற்றே!" என்கிறோம்.

ரஷ்ய டைரக்டர் விதாலி மான்ஸ்கியின் 2015-ம் வருஷத்துப் படத்தின் கதை இது. ஒரு சிறுமியின் குடும்பத்தைப் படமெடுக்க அங்கே அனுமதி தந்தார்கள். வசனத்தையும் அவர்களே எழுதித் தந்தார்கள். தகப்பனாரின் உத்தியோகத்தைக்கூட மாற்றிவிட்டார்கள்! மான்ஸ்கி ஒத்திகையின்போதும் காமிராவை நிறுத்தவில்லை. இன்னும் உற்சாகமாகப் பேசும்படி அதிகாரிகள் திருத்துவதும் பதிவாகிவிட்டது. அவர் ஊர் திரும்பிவிட்டார். வசனம் பேசியவர்கள் அங்கேயே வாழவேண்டியவர்கள்.

அந்நியரைப் பழிக்க நமக்கு மட்டும் என்ன யோக்கியதை? 1976-ல் டில்லி துருக்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. நம் கொட்டகைகளில் கட்டாயமாக ஓடிய அரசாங்கச் செய்திப் படங்களில் அந்த அழுகை கேட்கவில்லை. நாமோ, மெயின் படம் எப்போது வரும் என்று முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே, ஐயா, திரையில் எல்லாரும் சேர்ந்தாற்போல் சிரித்தால், வசனம் எழுதியவர் யார் என்று முதலில் கேளுங்கள்.