ஒரே நாளில் பாரிஸாம்!

எங்கள் ஆவடித் தெருவில் பலர் பிள்ளைகள் புண்ணியத்தில் ஐரோப்பா பார்த்துவிட்டார்கள். கேட்டால், "பாரிஸுக்கு ஒரு நாள் போதும் சார்!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் என் மனைவியும் போனது அப்படியொரு பேக்கேஜில்தான். 330 மீட்டர் ஈஃபில் கோபுரம், மோனாலிசா முன்னால் மொபைல் தூக்கிய கைகள், சேன் நதியில் படகு. எல்லாம் ஓட்டம். சென்ட் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். கமிஷன் இல்லாமலா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். லூவரிலிருந்து நடக்கும் தூரத்தில் தேசிய நூலகத்தின் பழைய ரிஷெலியு கட்டடம். நம் தமிழ் ஓலைச்சுவடிகளும், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பின் கைப்பிரதிகளும் அந்த நூலகத்தின் சொத்து. உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, வாசலிலாவது நின்றிருப்பேன். வழிகாட்டி வாயே திறக்கவில்லை.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷபேல். ஈழத் தமிழர் கடைகள், மாணிக்க விநாயகர் கோயில், வருஷா வருஷம் வீதியில் தேர். அதுவும் பாரிஸ் இல்லையா?

பணம் கட்டுமுன் இரண்டாவது நாள் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், கூட்டத்தை விட்டு மெட்ரோ ஏறுங்கள். லா ஷபேலில் தமிழிலேயே வழி கேட்கலாம்.