மட்டைக் கருவியும் மலைக் காற்றும்

டென்னிஸ் மட்டையின் பிடியில் ஒரு சிறு உணர்கருவியைப் பொருத்தி, பிள்ளை என்ன வேகத்தில் அடித்தான், பந்து எவ்வளவு சுழன்றது என்று கைபேசியில் பார்க்கும் பழக்கம் நம் பெற்றோர் சிலரிடமும் வந்துவிட்டது. 2014-இல் சோனி நிறுவனம் 8 கிராம் எடையில் இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சனவரி முதல் போட்டிகளிலும் இத்தகைய கருவிகளை அனைத்துலகக் கூட்டமைப்பு அனுமதித்தது. கருவி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

கருவிக்குள் இருப்பவை அசைவையும் அதிர்வையும் அறியும் சில்லுகள். அவை அளப்பது மட்டையின் வீச்சை. பந்தின் வேகம் கணக்குப் போட்டுச் சொல்லப்படுவது. பந்தை அக்கருவி பார்ப்பதே இல்லை. பல கேமராக்களால் பந்தைத் தொடரும் ஹாக்-ஐ முறை வேறு. அது நம் பிள்ளைகள் ஆடும் களத்துக்கு எங்கே வரப்போகிறது!

நம் திருவனந்தபுரத்துப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். மார்ச் வெயிலில் பந்துக்குள் அழுத்தம் கூடி, அது உயரத் துள்ளும். சூன் மாதத்தில் மழைவிட்ட மாலையில் பந்தின் உறை ஈரம் குடித்துக் கனக்கும். (ஈரக் காற்றே கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உலர்ந்த காற்றைவிடச் சற்று இலேசு.) குடல் நரம்பு கட்டிய மட்டையானால் ஈரத்தில் இறுக்கம் தளரும். வியர்வையில் பிடி வழுக்கினால் வீச்சே குறையும், எண்ணும் குறையும். அது பிள்ளையின் குறையா?

என் தம்பி மகளின் மார்ச் மாத எண்களோடு சூன் மாத எண்களை ஒப்பிட்டு, "பின்தங்கிவிட்டாள்" என்று ஒரு பயிற்சியாளர் அவளை இரண்டாம் குழுவுக்கு மாற்றினார். அன்றைய வெப்பம், ஈரப்பதம், பந்தின் வயது எதையும் யாரும் குறித்து வைக்கவில்லை. குழந்தை ஒரு வாரம் மட்டையைத் தொடவில்லை.

பந்து செய்பவர்கள்கூட இப்படி விடுவதில்லை. ஏறத்தாழ 20 பாகை வெப்பம், 60 விழுக்காடு ஈரப்பதம் என்று நிலையை வகுத்துக்கொண்டு, 254 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை விட்டு, அது 135 முதல் 147 செ.மீ. வரை எழுகிறதா என்று பார்க்கிறார்கள். 1219 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பந்தே தனி.

இந்த ஒழுங்குக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நான் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகளாகியும், அகத்தியர்கூடம் ஏறுவோர் இன்றும் எங்கள் ஊரிலிருந்துதான் புறப்படுகிறார்கள். அந்த மலையில் 1855-இல் ஓர் ஆய்வகம் இருந்தது என்று சொன்னால் நம்பாதவர்களே அதிகம். சுவாதித் திருநாள் 1837-இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் அதை அமைத்தார். காந்த ஊசியின் அசைவைக் கீழே நகரத்தில் அளந்தால் மட்டும் அவருக்குப் போதவில்லை. 1868 மீட்டர் உயர மலையிலும் அதை அளக்கச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டார். அப்பதிவுகள் 1874-இல் லண்டனில் நூலாக வந்தன. ஊசி அசைந்தது என்பதோடு அவர் நிற்கவில்லை; எங்கே, எந்த நேரத்தில், எந்த நிலையில் என்றும் கேட்டார்.

நம் பயிற்சியாளர்களிடம் நான் கேட்பது அதில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு பயிற்சியின்போதும் வெப்பம், ஈரப்பதம், பந்து எத்தனை நாள் பழையது, நரம்பு எப்போது கட்டியது என்ற நான்கையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதட்டும். ஒரே நாளில், ஒரே களத்தில், ஒரே பந்தில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடட்டும். வெப்பமானியும் ஈரமானியும் அந்த மட்டைக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குதான். அடுத்த விளையாட்டு விழாவில் அவற்றைக் களத்தில் மாட்டச் சங்கம் முன்வந்தால், குறிப்பேடு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.