முதல் நாளே மருத்துவர் வேண்டும்

2023 ஜூன் மாதம், பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் பாலூர் அருகே தாயைப் பிரிந்த யானைக்குட்டி ஒன்று தனித்து நின்றது. வனத்துறையினர் மீட்டார்கள்; தாயோடு சேர்க்கப் பாடுபட்டார்கள்; பலிக்கவில்லை. 'கிருஷ்ணா' என்று பேரும் வந்தது. சில நாட்களிலேயே நோயுற்று இறந்துபோனது.

"பிழைக்காததை ஏன் தூக்கி வரவேண்டும்?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மீட்கப்படும் பிராணி நம் கைக்கு வரும்போதே பட்டினியையும் நோயையும் சுமந்து வரக்கூடும். ஊட்டி போன்ற மலையூர்களில் சவாரிக்கு உழைத்து ஓய்ந்த குதிரையும் அப்படித்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. காலையில் நன்றாக நின்ற குதிரை, கடும் வயிற்றுவலி கண்டு இரவுக்குள் சாய்ந்துவிடலாம். அந்த நேரத்தில் அன்பு மட்டும் போதாது; வைத்தியர் வேண்டும்.

ஆகவே, வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப்பக்கத்துப் பிராணிகள் காப்பகத்துக்குப் பணம் அனுப்புமுன், "கால்நடை மருத்துவர் முதல் நாளே வந்து பார்ப்பாரா? சிகிச்சைக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். கொட்டகை கட்டப் பணம் தருவோர் உண்டு. மருந்துச் செலவுக்குத் தருவோர் குறைவு என்பது என் எண்ணம்.

அப்படியும் சில உயிர்கள் போகும். வீட்டுப் பிள்ளைகள் கலங்கினால், "வெறும் மிருகம்தானே" என்று அடக்காதீர்கள், அழட்டும். காட்டோரம் தனியே சாகவிருந்த ஓர் உயிர், கவனிப்பார் இருக்கக் கண்மூடியதே! அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.